காலஞ்சென்ற பற்றிக் – ............ தம்பதிகளின் அன்பு மகன்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு வாடிக்கையாளர் என் மேசையில் விட்டுவிட்டுப் போன வேலை இது. நாளைக்கு யாராவது குட்மேய்ஸ் ஸ்டேசன் படியில் என்னை மறித்து, "உது ஆற்றை கதை, ஆருடையது?" என்று கேட்டால் நான் முழிக்கக்கூடாது பாருங்கள், அதற்காகத்தான் சொல்லிவைக்கிறேன்.

கிழக்கு லண்டன் செவன் கிங்ஸில் ஒரு சின்ன அச்சகம். கல்யாண அழைப்பிதழ், பூப்புனித நீராட்டு விழா அட்டை, கோயில் துண்டுப்பிரசுரம் எல்லாம் அடிப்போம். ஆனால் எங்களுக்குச் சோறு போடுகிறவர்கள் செத்தவர்கள்தான். மரண அறிவித்தலும் நினைவு மலரும் எழுதுவது என் பொறுப்பு. பதினாறு வருடமாக எழுதுகிறேன். மூளை தேவையில்லை, விரலே எழுதிவிடும்:

«............ஐப் பிறப்பிடமாகவும் லண்டனை வதிவிடமாகவும் கொண்ட ............ அவர்கள் காலமானார். அன்னார், காலஞ்சென்ற ............ – ............ தம்பதிகளின் அன்பு மகனும், ............இன் பாசமிகு கணவரும், ............ஆகியோரின் அன்புச் சகோதரரும், ............ஆகியோரின் மைத்துனரும் ஆவார்.»

இடைவெளிகளை நிரப்பினால் ஆள் முடிந்தார். உயிரோடு இருந்தபோது அவர் என்ன செய்தார், யாரைக் கண்டால் எரிந்து விழுந்தார் என்பதெல்லாம் எங்களுக்கு வேண்டாம். யாருடைய யார் என்று தெரிந்தால் போதும்.

2009 பெப்ரவரியில், பனி கொட்டி லண்டன் பஸ் எல்லாம் நின்றுபோன கிழமை, ஒரு பெண் சப்பாத்தை வாசலில் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். பெயர் இம்மாகுலேற் என்று வைத்துக்கொள்வோம். வயது அறுபத்துமூன்று. யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரி, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தாதி. (நேரில் நான் அவரை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவேன். கதையில் 'அவள்' என்று எழுதுகிறேன். அப்படி எழுதினால்தான் கொஞ்சம் கிட்டப் போக முடிகிறது. அக்கா மன்னிக்கவேண்டும்.)

"தம்பி, ஒரு நினைவு மலர் அடிக்கவேணும். என்ரை மனுசன்ரை முதலாம் ஆண்டுக்கு. நவம்பரில."

"இப்ப பெப்ரவரிதானே அக்கா."

"எனக்கு நாள் வேணும். ஒரு பெயர் தேடவேண்டிக் கிடக்கு."

கணவன் பெயர் ஜோன் மேர்பி. அயர்லாந்துக்காரர், கோர்க் மாவட்டம். தகப்பன் பற்றிக் மேர்பி. தாய்? அவள் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். இருபத்தேழு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தவள், மாமியாரின் பெயர் தெரியாது என்றாள்.

"அந்த வரியை எடுத்துவிடலாம் அக்கா. ஆரும் கவனிக்க மாட்டினம்."

"எடுத்தால் அவர் என்ன, மரத்தில காய்ச்சவரோ?" என்றாள்.

2

எனக்குக் கதை தொடங்க வராது. மரண அறிவித்தலில் தொடக்கம் எப்போதும் பிறந்த ஊர்தான், அதனால் பழக்கம் இல்லாமல் போய்விட்டது. மூன்று தரம் முயன்றேன்.

தொடக்கம் ஒன்று: «லண்டனில் அன்றைக்கும் மழை —»

வேண்டாம். லண்டனில் மழை பெய்தது என்று தொடங்குகிறவன் வேறு ஒன்றும் தெரியாதவன்.

தொடக்கம் இரண்டு: «ஜோன் மேர்பி தன் தாயின் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை, ஏனென்றால் —»

இந்த 'ஏனென்றால்' என்னை இரண்டு இரவு படுத்திய பாடு கொஞ்சமில்லை. அந்த மே மாதம் அயர்லாந்தில் அநாதைப் பிள்ளைகளை வைத்திருந்த பள்ளிக்கூடங்களைப் பற்றி ஒரு பெரிய அறிக்கை வந்து, பேப்பர் முழுக்க அதுதான். ஜோனையும் அதற்குள் தள்ளிவிட்டால் கதை தானாக ஓடும். நான்கு பக்கம் எழுதியும் விட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது. அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. தெரியாத மனிதருக்கு ஊரார் துக்கத்தை எடுத்துப் போர்த்திவிடுவது நியாயமில்லை என்று கிழித்துப்போட்டேன்.

தொடக்கம் மூன்று: «இம்மாகுலேற் வீட்டில் தொலைபேசி அடித்தது. ஜன்னல் விற்கிறவன்.»

இது நன்றாக இருக்கிறது, இதையே வைத்துக்கொள்வோம்.

இம்மாகுலேற் வீட்டில் தொலைபேசி அடித்தது. ஜன்னல் விற்கிறவன். அவளுடைய ஜன்னல்கள் நல்லாய்த்தான் இருந்தன, ஆனாலும் அவள் போனை வைக்கவில்லை. எத்தனை அறை, எத்தனை ஜன்னல், கண்ணாடி ஒற்றையா இரட்டையா என்று அவன் கேட்டதற்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். மாடியறைக் கட்டிலில் இரண்டு வருடம் பாரிசவாதத்தில் கிடந்த ஜோன் போய் மூன்று மாதம். அந்த இரண்டு வருடமும் நாளுக்குப் பத்துத் தரம் படி ஏறினவளுக்கு இப்போது மேலே போக ஒரு காரணமும் இல்லை. பிள்ளைகள் இல்லை. நாலு மணிக்கு இருட்டிவிடும் அந்தக் குளிர்காலத்தில் பகல் முழுக்க அவளுடைய வாயிலிருந்து ஒரு சொல்லும் வெளியே வராத நாட்கள் இருந்தன. அதனால்தான் ஜன்னல் விற்கிறவனோடு இருபது நிமிடம் கதைத்தாள். அவன்தான் கடைசியில் களைத்துப்போய் வைத்தான்.

3

ஜோன் என்கிற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இவ்வளவு பேசாத மனிதர் கதைக்கு உதவமாட்டார். அவருக்கு உயிர் வரட்டும் என்று, புட்டுக்கு ஜாம் பூசிச் சாப்பிடுவார் என்று எழுதினேன். இம்மாகுலேற் அக்கா வாசித்துவிட்டு, "சும்மா அலம்பாதையும். அவர் மீன் குழம்போடதான் சாப்பிட்டவர், முள்ளும் எடுப்பார்" என்று வெட்டிவிட்டார். ஆகவே மீன் குழம்பு.

டகனம் கார்த் தொழிற்சாலையில் வேலை. காலில் இரும்பு விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்தில் பழக்கம். 1981இல் கல்யாணம், பதிவுக் கந்தோரில். கோயிலில் ஏன் இல்லை என்றால், கத்தோலிக்கக் கோயிலில் கட்டுவதற்குப் பிறந்த ஊர்க் கோயிலிலிருந்து ஞானஸ்நானச் சாட்சிப்பத்திரம் புதிதாக எடுப்பிக்கவேண்டும். "அந்த ஊருக்கு நான் கடிதம் போடமாட்டேன்" என்றார் ஜோன். அதற்குமேல் ஒரு சொல்லும் பெயராது. கோயிலில் கட்டாததால் அவள் நற்கருணை வாங்க முடியாமல் போயிற்று. இருபத்தேழு வருடம் கடைசி வரிசை வாங்கிலே இருந்து பூசை கண்டாள். அவளுக்காக அவர் அந்த ஒரு கடிதத்தைப் போட்டிருக்கலாம். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் இருக்கிறது, அவளே சொன்னாள்.

பதிவுக் கந்தோர்ப் பத்திரத்தில் தகப்பனுக்குத்தான் கட்டம் இருந்தது. «பற்றிக் மேர்பி, கூலித்தொழில், காலஞ்சென்றவர்.» தாய்க்கு இங்கிலாந்துக்காரன் கட்டமே போடவில்லை.

ஹரோவில் அவளுடைய அண்ணை ஜீவரத்தினம் இருக்கிறார். பெரிய உத்தியோகம், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குத் தலைவர். கல்யாணத்துக்கு ஒரு கிழமை முன்னம் தொலைபேசியில் கேட்டார்.

"ஆற்றை பிள்ளை?"

"மேர்பி, அண்ணை. ஜோன் மேர்பி."

"மேர்பிதான் தகப்பனோ?"

"இல்லை, அது குடும்பப் பெயர். தகப்பன் பற்றிக்."

"தாய்?"

அவள் ஜோனைத் திரும்பிப் பார்த்தாள். ஜோன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"தாய் பேர் சொல்லத் தெரியாதவனை நான் ஆருக்கு மச்சான் எண்டு காட்டுறது?" என்று அண்ணை வைத்துவிட்டார். அதோடு குட்மேய்ஸில் அவள் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஜோனின் அடக்கத்துக்கு மட்டும் வந்து, பின்னுக்கு நின்று, போகும்போது ஒன்று கேட்டார்: "ஏன் நோட்டீஸ் போடேல்லை?"

ஏன் போடவில்லை என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் சனத்தில் ஒரு நாய் செத்தாலும் அறிவித்தல் வரும் என்று பகிடி விடுவார்கள். ஜோனுக்கு வரவில்லை. முப்பத்தோராம் நாளுக்கும் ஒன்றும் அடிக்கவில்லை. அந்த ஒரு வரிக்குள் போட ஒரு பெண்ணின் பெயர் இருந்தால் ஜோன் ஒரு வீட்டுப் பிள்ளை. இல்லாவிட்டால் டகனத்தில் அகப்பட்ட ஒரு வெள்ளைக்காரர், அவரோடு வாழ்ந்தவளும் அப்படித்தான். அதுதான் அவளுடைய கணக்கு. பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை, பதினாறு வருடமாக அதே கணக்கில்தான் நானும் வாழ்கிறேன்.

4

தேடுகிற பகுதியைச் சுருக்குகிறேன். கதைகளில் இந்த இடத்தில் தூசி படிந்த ஏடுகளும் திடுக்கிடும் திருப்பங்களும் வரும். இங்கே இருந்தது இல்ஃபேர்ட் நூலகத்துக் கம்பியூட்டர், ஆளுக்கு ஒரு மணித்தியாலம்.

மேர்பி என்பது அயர்லாந்தில் மிகவும் மலிந்த பெயர். கோர்க்கில் இன்னும் மோசம். அங்கே கல்லெறிந்தால் ஒரு மேர்பியில்தான் படும், அவன் திரும்பிப் பார்த்தால் ஜோனாக இருப்பான். பிறந்த தேதியை வைத்துப் பிடிக்கலாம் என்றால், ஜோன் கொடுத்திருந்தது 1934 ஜூன் இருபத்துநான்கு, அருளப்பர், அதாவது புனித ஜோனின் திருநாள். தன் பெயருக்கு ஏற்ற திருநாளாகப் பார்த்து அவரே வைத்துக்கொண்டதுபோல இருந்தது. அவள் இதற்கு ஆச்சரியப்படவில்லை. "எங்கட ஆக்களுக்கே பாஸ்போட்டில ஒண்டு, வீட்டில ஒண்டு" என்றாள். ஆகவே 1933இலிருந்து 35 வரை என்று வைத்துத் தேடினாள். பிறப்பு அட்டவணையில் ஜோன் மேர்பிகள் பக்கம் பக்கமாக வந்தார்கள். நாலாம் நாள் அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அழுதாள் என்று எழுதியிருந்தேன். அழவில்லையாம். கன்ரீனில் தேத்தண்ணி குடித்தாளாம்.

அந்தத் தேத்தண்ணியோடு வந்ததுதான் பின்வரும் யோசனை. இது எனக்கு வந்திருக்காது, உங்களில் பலருக்கும் வந்திருக்காது. பாசையூரில் அவளுடைய தகப்பன் கோயில் பதிவேடுகள் எழுதியவர். கத்தோலிக்கக் கோயிலில் ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தால் ஏட்டில் ஒரு வரி எழுதி, பக்கத்தின் ஓரத்தில் இடம் விடுவார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து உலகத்தில் எந்த மூலையில் கோயிலில் கல்யாணம் கட்டினாலும், கட்டிவைத்த சுவாமி ஞானஸ்நானக் கோயிலுக்கு எழுதி அறிவிக்கவேண்டும். ஓரத்தில் அது பதியப்படும். குருப்பட்டம் பெற்றாலும் பதியப்படும். தகப்பன் கொழும்புக் கடிதத்தையும் சிங்கப்பூர்க் கடிதத்தையும் வைத்துக்கொண்டு ஓரம் நிரப்புவதைப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

ஜோன் கோயிலில் கட்டவில்லை. ஆகவே அவருடைய ஓரம் வெறுமையாக இருக்கும்.

அச்சகத்தில் என் மேசைக்கு வந்தாள். "தம்பி, இங்கிலீசில ஒரு கடிதம் அடியும்." அட்டவணை காட்டிய ஊர்களில் உள்ள முப்பத்தேழு கோயில்களுக்கு ஒரே கடிதம். அதில் கடைசி வசனம் அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தது, இன்றைக்கும் மனப்பாடம்: 'பற்றிக்கின் மகனான ஜோன் மேர்பிகளில், ஓரத்தில் ஒன்றும் எழுதப்படாதவர் உங்களிடம் இருக்கிறாரா?'

அவள் தேடியது ஒரு பெயரை இல்லை, ஒரு வெற்றிடத்தை என்று நான் இங்கே ஒரு தத்துவம் எழுதி—

எழுதவில்லை. மேலே போவோம்.

5

இருபத்திரண்டு கோயில்களிலிருந்து பதில் வந்தது. பதினைந்து போடவில்லை. வந்த பதில்களில் அப்பன் பற்றிக்காக உள்ள ஜோன் மேர்பிகள் ஒன்பது பேர். ஆறு பேருக்கு ஓரத்தில் கல்யாணம். ஒருவருக்குக் குருப்பட்டம். இரண்டு பேருக்கு ஓரம் வெறுமை.

(ஒரு கோயில் செயலாளர் பெண் எழுதியிருந்தாள்: 'எந்த பற்றிக் மேர்பி? இங்கே பற்றிக் டான் இருக்கிறார், பற்றிக் கோண் இருக்கிறார்.' டானும் கோணும் அந்தப் பற்றிக்குகளின் தகப்பன்மார். ஊர் முழுக்க மேர்பியாக இருந்தால் மேர்பி என்று கூப்பிட்டு யாரைப் பிடிப்பது, அதனால் தகப்பன் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். இதை வாசித்துவிட்டு இம்மாகுலேற் வாய்விட்டுச் சிரித்தாள். "பாத்தீரே, அவையும் இனிசியலோடதான் திரிஞ்சிருக்கினம். அண்ணைக்குச் சொல்லவேணும்." அந்த வருடத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.)

மிஞ்சிய இருவரும் அந்தச் செயலாளரின் கோயிலைச் சேர்ந்தவர்களே.

ஒருவர் பற்றிக் டானின் மகன். தாய் ஹனோறா. அந்த வீட்டில் இன்னும் ஒரு சகோதரி தனியாக இருக்கிறார். நோறா, வயது எழுபத்தொன்பது, கல்யாணம் கட்டவில்லை. தம்பி ஜோன் 1953இல் தகப்பனோடு சண்டை பிடித்துக்கொண்டு கப்பல் ஏறினவன், பிறகு ஒரு தகவலும் இல்லை. தொலைபேசி எண்ணும் கடிதத்தில் இருந்தது, நோறாவைக் கேட்டுத்தான் தருகிறேன் என்று செயலாளர் எழுதியிருந்தாள்.

மற்றவர் பற்றிக் கோணின் மகன். தாய் பிறிஜெற். அந்த வீட்டுக்கூரை விழுந்து நாற்பது வருடம். எல்லாரும் போய்விட்டார்கள் அல்லது செத்துவிட்டார்கள், கேட்க ஆள் இல்லை.

இம்மாகுலேற் பிறிஜெற்றின் பெயரை ஒரு தரம்தான் பார்த்தாள். நோறாவின் எண்ணைத் துண்டில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினாள். ஒன்பது நாள் அதைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். என்னிடம் இரண்டு தரம் வந்து, "போன் எடுக்கட்டோ?" என்று கேட்டாள். "எடுங்கோ அக்கா" என்றேன். எனக்கென்ன, சொல்லுவது சுகம்.

6

செப்ரெம்பர், ஞாயிற்றுக்கிழமை, பகல் மூன்று மணி.

(இந்தப் பகுதியில் நோறா யாழ்ப்பாணத் தமிழ் பேசுவார். நான் என்ன செய்ய, எனக்குச் சொன்னவள் அப்படித்தான் சொன்னாள்.)

முதல் மணியிலேயே நோறா எடுத்துவிட்டார். தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கவேண்டும். இம்மாகுலேற் தன் பெயரைச் சொன்னாள். தாதி என்று சொன்னாள். இலங்கை என்று சொன்னாள்.

"செத்துப் போனானோ?" என்றார் நோறா.

"ஓம். போன நவம்பர்."

"வருத்தத்தில கிடந்தவனோ?"

"இரண்டு வருசம். நான்தான் பாத்தனான். ஒரு புண்ணும் வர விடேல்லை."

"நீ நல்ல பிள்ளை" என்றார் நோறா. அறுபத்துமூன்று வயதில் அவளை ஒருவர் பிள்ளை என்று கூப்பிட்டதும் அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள். நோறா தொடர்ந்து கதைத்தார். தம்பி போன அன்று தான் சந்தைக்குப் போயிருந்தது, வந்து பார்த்தால் அவனுடைய சப்பாத்து இல்லாதது, தகப்பன் சாகும்வரை அவன் பெயரை யாரையும் எடுக்கவிடாதது. ஐம்பத்தாறு வருடம் வாய்க்குள் வைத்திருந்ததைக் கால் மணித்தியாலத்தில் சொல்லி முடித்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்:

"கையில தழும்பு மாறினதோ? இடக் கை, முழங்கைக்கு மேல. இரண்டு வயசில கேத்தில் தண்ணியை இழுத்து ஊத்திப்போட்டான். நான்தான் அடுப்பைப் பாத்திருக்கவேணும். உள்ளங்கை அளவு தழும்பு."

இம்மாகுலேற் ஜோனைத் தினமும் துடைத்தவள். இடக் கை, வலக் கை, முதுகு, குதிக்கால், விரல் இடுக்கு எல்லாம் அவளுக்குத் தெரியும். முழங்கைக்கு மேலே ஒன்றும் இல்லை. வெள்ளையாக, வழுவழுவென்று, ஒரு மச்சம்கூட இல்லாத கை. முப்பத்தைந்து வருடம் தாதி வேலை பார்த்தவளுக்கு, அந்த அளவு சூட்டுத்தழும்பு எத்தனை வருடம் போனாலும் அழியாது என்றும் தெரியும்.

ஆக, இவர் அவர் இல்லை.

7

இந்த இடத்தில் நான் பேனையை வைத்துவிட்டேன். அவள் என்ன சொல்லவேண்டும்? மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) அவள் உண்மையைச் சொல்லுகிறாள். 'தழும்பு இல்லை. மன்னிக்கவேணும், இவர் உங்கட தம்பி இல்லை.' நோறா, 'சரி பிள்ளை' என்று வைக்கிறார். இரண்டு வீடுகளிலும் இரண்டு தொலைபேசிகள் சும்மா கிடக்கின்றன. நேர்மையான முடிவு. வாசித்துப் பார்த்தேன், எனக்கு நெஞ்சு எரிந்தது.

(ஆ) அவள், 'ஓம், கடைசி மட்டும் இருந்தது' என்கிறாள். நோறா பிளேனில் வருகிறார். இருவரும் கல்லறைக்குப் போகிறார்கள். ஹரோவிலிருந்து ஜீவரத்தினம் அண்ணையும் காரில் வந்து, 'வாங்கோ மச்சாள்' என்று—

இல்லை. ஜீவரத்தினம் அப்படிச் சொல்லமாட்டார். எனக்கு ஆசை, அதனால் எழுதினேன்.

(இ) நடந்தது. அவள் சொன்னாள்: "பாத்துச் சொல்லுறன்."

பத்து மாதத்துக்கு முன்னம் புதைத்த மனிதரின் கையை எங்கே போய்ப் பார்ப்பது? அவளுக்கும் தெரியும், நோறாவுக்கும் தெரியும். ஆனால் நோறா, "ஓம், பாரன். அவசரமில்லை" என்றார். "அடுத்த ஞாயிறு நான் எடுக்கிறன்."

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு எடுத்தார். தழும்பைப் பற்றிக் கேட்கவில்லை. தன் இடுப்பு நோவைச் சொன்னார். அவள் இங்கே மீனுக்கு உயிர் இல்லை என்று சொன்னாள். அதற்கடுத்த ஞாயிறும் எடுத்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, உள்ளூர்ப் பேப்பரில் வந்த மரண அறிவித்தல்களை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டினார். அங்கேயும் யாருடைய மகன், யாருடைய சகோதரன் என்றுதான் போடுகிறார்களாம். ஒக்ரோபரில் இருவரும் சேர்ந்து தொலைபேசியிலேயே செபமாலை சொல்லத் தொடங்கினார்கள். முற்பாதி நோறா இங்கிலீசில், பிற்பாதி இவள் தமிழில்.

இம்மாகுலேற் மாடியறைக்குப் போகத் தொடங்கினாள். அங்கேதான் தொலைபேசி நல்லாய்க் கேட்குமாம். (கீழேயும் நல்லாய்த்தான் கேட்கும். நான் ஒன்றும் சொல்லவில்லை.)

8

நவம்பர் இரண்டாம் கிழமை. மலர் மெசினுக்குப் போகவேண்டிய நாள். முன் அட்டையில் ஜோனின் படம், 1958இல் தொழிற்சாலை வாசலில் தலையை நனைத்து வாரிவிட்டு எடுத்தது. இருபத்துநான்கு வயசு, யாருக்கும் அடையாளம் தெரியும் முகம். உள்ளே அஞ்சலி, செபங்கள், நன்றி. எல்லாம் முடிந்தது. மூன்றாம் பக்கத்து வரி மட்டும் திறந்து கிடந்தது.

அவள் மத்தியானம் வந்து என் மேசைக்கு முன்னால் இருந்தாள். கோட்டைக் கழற்றவில்லை.

"ஹனோறாவோ, பிறிஜெற்றோ அக்கா?" என்று கேட்டேன்.

"பிறிஜெற் எண்டும் நிச்சயமில்லை. பதினைஞ்சு கோயில் பதில் போடேல்லை."

"ஹனோறா இல்லை எண்டது நிச்சயம்."

அவள் தலையாட்டினாள். "அண்ணைக்கு ஒரு மலர் அனுப்பவேணும். நோறாவுக்கும் ஒண்டு அனுப்பிறன் எண்டு சொன்னனான்" என்றாள்.

"படம் இருக்கே அக்கா. கண்டால் தெரிஞ்சுபோகும்."

"அதைத்தான் சொல்லவந்தனான். நோறா சொன்னவ, 'எனக்குக் கண் தெரியாது பிள்ளை. படம் உள்ள பக்கத்தைக் கழட்டிப்போட்டு, எழுத்தை மட்டும் அனுப்பு' எண்டு."

நான் அவளைப் பார்த்தேன். ஞாயிறு ஞாயிறாகப் பேப்பர் வாசித்துக் காட்டுகிற நோறாவுக்குக் கண் தெரியாதாம்.

"எழுத்து முழுக்கத் தமிழ் எண்டு சொன்னீங்களோ?"

"சொன்னனான். பரவாயில்லையாம். ஜோன்ரை பெயர் எந்த வரியில, தன்ரை பெயர் எந்த வரியில எண்டு நான் போனில சொன்னால், அந்த இடத்தில விரலை வைச்சுப் பாப்பாவாம்."

அச்சகத்தில் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவருடைய அறுபதாம் கல்யாண அட்டை. அவள் எழும்பினாள். நான், "அக்கா, எதைப் போடுறது?" என்று கேட்டேன், கொஞ்சம் எரிச்சலோடுதான்.

"நீர்தானே எழுதுறனீர்" என்றாள். "பொய் எழுதினால் ஜோனுக்கு முன்னால எனக்கு முகம் இல்லை. மெய் எழுதினால் அவவுக்கு விரல் வைக்க இடம் இல்லை. எனக்கு ஏலாது தம்பி. நீர் எழுதும்." கதவைத் திறந்தவள் நின்றாள். "ஞாயிறு மூண்டு மணிக்கு எடுப்பா. அதுக்குள்ள அடிச்சுத் தாரும்."

நான் இந்தக் கதையை எழுதத் தொடங்கியது இதற்காகத்தான். எழுதிக்கொண்டு போனால் கடைசியில் அந்தப் பெயர் தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். எட்டுப் பகுதி எழுதியும் வரவில்லை. ஹனோறா என்று போட்டால் ஹரோ அண்ணைக்குப் பதில் கிடைக்கும், நோறாவுக்குத் தம்பி கிடைப்பான், ஜோன் வேறு ஒருத்தியின் மகனாகிவிடுவார். பிறிஜெற் என்று போட்டால் ஜோன் ஒருவேளை தன் தாயிடம் போய்ச் சேருவார், ஒருவேளை அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு இம்மாகுலேற் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, எந்த வரி என்று சொல்லத் தெரியாமல் நிற்பாள். இரண்டையும் என்னால் செய்ய ஏலாது. பதினாறு வருடத்தில் முதல் தரம் விரல் நின்றுவிட்டது.

ஆகவே உங்களிடம் தருகிறேன். இதுவரை எனக்குத் தெரிந்த எல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும்.

«அன்னார், காலஞ்சென்ற பற்றிக் – ........................ தம்பதிகளின் அன்பு மகனும், இம்மாகுலேற்றின் பாசமிகு கணவரும், ........................இன் அன்புச் சகோதரரும், ஜீவரத்தினத்தின் மைத்துனரும் ஆவார்.»

எழுதினால் பேனையால் எழுதுங்கள்.